அறுப்பு நடுவில் மிஷின் நின்றால்…



கன்னிப்பூ அறுவடை நெருங்குகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அறுவடை இயந்திரத்தைப் பற்றியவை. அவற்றில் தோவாளை வட்டத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை இந்தப் பகுதி முழுக்க எடுத்துக்கொள்கிறேன். அவருக்குச் சொல்லும் பதில் நம்மில் பலருக்கும் பொருந்தும்.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். கடந்த கன்னிப்பூவில் அம்பை 16 போட்டிருந்தார். விளைச்சலில் குறை இல்லை. பெல்ட் மிஷின் வந்து பாதி வயலை அறுத்தது. மதியம் பதினொன்றரைக்கு மிஷினுக்குள் ஒரு பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட் கையில் இல்லை. டிரைவர் நாகர்கோவில் போனார், அங்கே கிடைக்கவில்லை. திருநெல்வேலிக்குச் சொல்லி அனுப்பினார். மிஷின் இரண்டு இரவு வயலிலேயே நின்றது. முதல் நாள் ராத்திரி மழை. மீதி வயலில் ஒரு பகுதி சாய்ந்துவிட்டது. அறுத்த நெல்லைச் சாக்கில் கட்டித் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது கை வைக்க முடியாத சூடு, புளித்த வாடை. கோட்டைக்கு இவ்வளவு என்று பேசியிருந்த வியாபாரி விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். 'இந்த நட்டத்தை நான் யாரிடம் கேட்பது? வேறு என்னதான் செய்திருக்க வேண்டும்?' என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு, எழுத்தில் எந்தப் பேச்சும் இல்லாதபோது, பெரும்பாலும் யாரிடமும் கேட்க முடியாது என்பதே உண்மை. இரண்டாவது கேள்விக்குப் பதில் நிறையவே இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் நெல்லைப் பாருங்கள்

மிஷின் நின்றதும் வயலில் என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். வயல்காரர், வீட்டார், பக்கத்து வயல்காரர் எல்லாரும் மிஷினைச் சுற்றி நிற்பார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். களத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லைப் பார்க்க ஆள் இருக்காது.

மிஷினைச் சரிசெய்வது டிரைவர் வேலை. நெல்லைக் காப்பது நம் வேலை. அந்த நேரத்தில் நமக்கு இரண்டு விதமான நெல் இருக்கிறது: அறுத்து அடித்த நெல் ஒன்று, வயலில் கதிராக நிற்கும் நெல் மற்றொன்று. எதற்கு முதலில் ஆபத்து? நிற்கும் பயிருக்குத்தான் என்று மனம் பதறும். உண்மையில் முதலில் கெடுவது அறுத்த நெல்தான்.

இயந்திரத்தில் அறுக்கும்போது நெல்லில் ஈரம் பொதுவாக 20 முதல் 22 சதவீதம் வரை இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகவும் இருக்கும். இந்த ஈரத்தில் நெல்மணி உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. மூச்சு விடும்போது வெப்பம் வெளிவரும். குவித்தாலோ சாக்கில் அடைத்து அடுக்கினாலோ அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. பூசணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும், முளைப்புத் திறன் போகும். ஒரே ராத்திரியில் இது தொடங்கிவிடும். ஆனால் நன்றாக நிமிர்ந்து நிற்கும் பயிர், முற்றிய பிறகும் மூன்று நான்கு நாள் தாங்கும். ஒரு மழை பெய்தாலும், சாயாமல் நின்றால், வெயில் வந்ததும் கதிர் காய்ந்துவிடும்.

அதனால் முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை இவை.

மிஷினின் தானியத் தொட்டியில் இருக்கும் நெல்லைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும் நிலையில் இருந்தால் குழாய் வழியாகவே இறக்கிவிடலாம். ஓடாவிட்டால், என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகு, வாளியால் மேலிருந்து அள்ளலாம். மிஷினுக்குள்ளேயே நெல்லை ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள்.

அறுத்த நெல்லைக் களத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அரை மணிக்கு ஒரு தரம் காலாலோ பலகையாலோ கிளறி விடுங்கள். களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் பரப்புவதை நான் தினமும் பார்க்கிறேன். வளைவிலும் இருட்டிலும் இரு சக்கர வண்டி சறுக்கி விழுந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. ஊர்ப் பொதுக் களம், கோயில் வெளி, வீட்டு மொட்டைமாடி என்று முன்கூட்டியே இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் குவித்துத் தார்ப்பாயால் மூடத்தான் வேண்டும். மழை விட்டதும் உடனே பாயை விலக்குங்கள். மூடியே விட்டால் உள்ளே வேர்த்து அவிந்துபோகும். சாக்கில் பிடிக்க வேண்டி வந்தால் வாயைக் கட்டாமல், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், பலகை மேல் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குள் சிமெண்ட் தரையில் பரப்பி மின்விசிறியை ஓடவிட்டால்கூட ஒரு ராத்திரியைத் தாண்டிவிடலாம். மூன்று மணிக்கு ஒரு தரம் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் கிளறுங்கள்.

ஈரம் எவ்வளவு என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நன்கு காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி நெல்லும், கொஞ்சம் உலர்ந்த தூள் உப்பும் போட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். சில நிமிடம் வைத்துப் பார்த்தால், உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கேட்பது 17 சதவீதம். வீட்டில் மாதக்கணக்கில் வைக்க 12, 13 சதவீதம் வேண்டும்.

காயவைத்தால் எடை குறைந்துவிடுகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 22 சதவீத ஈரத்தில் 1,500 கிலோ நெல் இருக்கிறது. 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 1,410 கிலோ நிற்கும். குறைந்த 90 கிலோ தண்ணீர்தான், நெல் அல்ல. அந்த 90 கிலோவைக் காப்பாற்ற நினைத்து 1,500 கிலோவின் விலையையும் விட்டுவிடக் கூடாது.

நிற்கும் பயிரை என்ன செய்வது?

மழை மூட்டம் போட்டதும் பதறிப்போய் ஆள் விட்டு முழு வயலையும் அறுத்துப் போட்டுவிடாதீர்கள். அறுத்துத் தரையில் கிடக்கும் கதிர் நனைந்தால், நிற்கும் பயிரைவிட வேகமாக முளைத்துவிடும். வயலைச் சுற்றி ஒரு நடை நடந்து மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

சாய்ந்து, கதிர் தண்ணீரிலோ சேற்றிலோ படுகிற பகுதி: இதை மட்டும் அன்றைக்கே அரிவாளால் அறுத்துக் கரையேற்றுங்கள். அடிப்பதற்கு ஊரில் கதிரடிக்கும் இயந்திரம் இருந்தால் போதும்.

சாய்ந்தும் கதிர் தரையில் படாத பகுதி: நான்கைந்து தூரைச் சேர்த்து அதன் தாளாலேயே கட்டி நிமிர்த்தி விடலாம். ஒரு நாள் தாமதம் தாங்கும்.

நிமிர்ந்து நிற்கும் பகுதி: கைவைக்க வேண்டாம். மடையைத் திறந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு ஏக்கரை ஒரே நாளில் கையால் அறுக்கப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேண்டும். கட்டிச் சுமக்கவும் அடிக்கவும் இன்னும் ஆள் வேண்டும். இன்றைக்கு நம் ஊர்களில் அத்தனை அறுப்பு ஆள் ஒரே காலையில் கிடைப்பதில்லை. அதனால்தான் கிடைக்கிற நான்கு பேரைச் சாய்ந்த பகுதிக்கு மட்டும் விடுங்கள் என்கிறேன்.

மிஷின் பக்கம் கவனம்

பழுது பார்க்கும்போது நடக்கும் விபத்துகள், அறுக்கும்போது நடப்பதற்குக் குறைந்தவை அல்ல. சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள்.

வைக்கோல் சிக்கி மிஷின் நின்றால், என்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் யாரும் உள்ளே கைவிட வேண்டும். முன் பக்கக் கத்திப் பகுதி எண்ணெய் அழுத்தத்தில்தான் தூக்கி நிற்கிறது. அடியில் போவதற்கு முன் பூட்டுக் கம்பியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெய்க் குழாய் வெடித்தால் அந்தப் பாரம் ஒரு நொடியில் கீழே இறங்கிவிடும்.

சூடேறிப் புகைந்தால் ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, வலையில் படிந்த தூசியையும் சுணையையும் தட்டிவிட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

மிஷின் நகராமல் அடிக்கும் பகுதி மட்டும் ஓடினால், அறுத்த கதிரைக் கையால் முன்னால் ஊட்டி அடித்துக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கதிரை இழுக்கும் சுருள் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

சேற்றில் புதைந்த மிஷினைக் கயிறு கட்டி இழுக்கும்போது கயிற்றின் நேர்க்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது. பெல்ட்டுக்கு முன்னால் தென்னந்தடியைக் குறுக்கே போட்டு, அதன் மேல் ஏற வைப்பது பாதுகாப்பானது. மிஷினுக்குப் பின்னால் சிந்திய கதிர் பொறுக்கும் பெண்களும் பிள்ளைகளும், மிஷின் வயலை விட்டு ஏறும் வரை வரப்பிலேயே நிற்கட்டும். நெல் இறக்கும் குழாயைத் தூக்கும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

மிஷின் நின்ற அரை மணிக்குள் டிரைவரிடம் நேராக மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பழுது? உதிரிப் பாகம் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு வரும்?

கத்திப் பல் ஒடிந்தது, சங்கிலிக் கண்ணி விட்டது, டீசலில் காற்று அடைத்தது என்பவை பாகம் கையில் இருந்தால் ஒரு மணி, இரண்டு மணி நேர வேலை. காத்திருக்கலாம். பெல்ட் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றாலோ, என்ஜின், கியர் பெட்டி வேலை என்றாலோ அன்றைக்கு நடக்காது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'இப்ப வந்துரும், இப்ப வந்துரும்' என்பதை நம்பிச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தால், வேறு மிஷின் தேடுகிற நேரமும் போய்விடும். பதில் தெளிவாக இல்லாவிட்டால் அந்த நேரத்திலேயே அடுத்த மிஷினுக்குப் போன் போடுங்கள்.

கூலிக் கணக்கு

நம் பகுதிக்கு வரும் மிஷின்களில் பல வெளி மாவட்டத்தவை. இடையில் ஊர்த் தரகர் இருப்பார். மணிக் கணக்கில் வாடகை. மிஷினில் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் இருக்கும். வயலில் இறங்கும்போதும், நிற்கும்போதும், மறுபடி தொடங்கும்போதும் அந்த எண்ணை உங்கள் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 40 ரூபாய். பழுது பார்க்க என்ஜினை ஓடவிட்ட 50 நிமிடம் உங்கள் கணக்கில் ஏறினால் 2,000 ரூபாய். இதைக் கடைசியில் சண்டை போட்டுக் குறைப்பதைவிட, தொடங்கும் முன் பேசி வைப்பது மேல்.

பேச வேண்டியவை அதிகமில்லை. மணிக்கு என்ன வாடகை? எந்த நேரத்திலிருந்து கணக்கு? பழுதாகி நிற்கும் நேரம் கணக்கில் சேராது. இத்தனை மணி நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வேறு மிஷின் கொண்டுவர எனக்கு உரிமை உண்டு. அதுவரை அறுத்ததற்கு மட்டும் பணம். மாற்று பெல்ட், கத்திப் பல், சங்கிலிக் கண்ணி, டீசல் பில்டர் வண்டியிலேயே இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் தரகரின் வாட்ஸ்அப்புக்கு எழுதி அனுப்பி, 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல் பிறகு உதவும். முன்பணம் கேட்டால் குறைவாகவே கொடுங்கள்.

'எனக்கு இருப்பது எண்பது சென்ட். இதையெல்லாம் நான் பேசினால் மிஷினே வராது' என்று சொல்வீர்கள். நியாயமான பேச்சுதான். எண்பது சென்டுக்காக எந்த மிஷினும் நிற்காது. பெரிய வயலிலிருந்து அழைப்பு வந்தால் பாதியில் விட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. இதற்குத் தனி ஆளாக வழி இல்லை. ஒரே பத்தில் இருக்கும் இருபது பேர் சேர்ந்து இருபது ஏக்கருக்குப் பேசினால் தரகர் உட்கார்ந்து கேட்பார்.

சேர்ந்து பேச வேண்டுமென்றால் சேர்ந்து விளைந்திருக்க வேண்டும். கோதையாறு பாசனத்தில் வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறந்து பிப்ரவரி இறுதி வரை விடுகிறார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி தண்ணீர் தலைமடைக்கு வரும் நாளும் கடைமடைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. அதைப் பொறுத்து நடவும் முன்பின் ஆகிறது. ஆனால் ஒரே மடையில் பாயும் வயல்களிலாவது ஒரே வாரத்தில், ஒத்த வயதுள்ள ரகத்தைப் போட முடியும். அம்பை 16, திருப்பதிசாரம் 5 இரண்டும் 110 முதல் 120 நாளுக்குள் வருபவை. பக்கத்தில் ஒருவர் மட்டும் 135 நாளைத் தாண்டும் திருப்பதிசாரம் 3 போட்டால், எல்லாரும் அறுக்கும்போது அவர் வயல் பச்சையாக நிற்கும். பிறகு அவர் ஒற்றை வயலுக்கு மிஷின் தேட வேண்டும். அதற்கு வழியும் இருக்காது, அடுத்தவர் வயலில் அதற்குள் தண்ணீர் கட்டியிருப்பார்கள்.

மிஷின் இறங்கும் முன்

பழுதுகளில் நல்ல பங்கு வயலால் வருவது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். சேறு கெட்டியானால் பெல்ட் மிஷினுக்குப் பாதிப் பாரம் குறையும். கதிரில் 80 சதவீதம் மணி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அறுக்கலாம். முழுவதும் காயட்டும் என்று காத்திருந்தால் உதிர்வுதான் கூடும்.

நம் வரப்புகளில் தென்னை உண்டு. விழுந்த மட்டை, கொதும்பு, தேங்காய் எல்லாம் பயிருக்குள் மறைந்து கிடக்கும். கத்தி ஒடிவதற்கு ஒரு தேங்காய் போதும். முந்தின நாள் சாயங்காலம் ஓரத்தை நடந்து பொறுக்கி எடுங்கள். எல்லைக் கல், இரும்புக் கம்பி, மின்கம்பத்தின் தாங்கு கம்பி இருக்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். நான்கு மூலையிலும், மிஷின் இறங்கும் இடத்திலும் இரண்டு பாகம் அளவுக்கு அரிவாளால் அறுத்துக் கொடுங்கள்.

அதிகாலையில் பனி ஈரத்தோடு அறுக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். ஈர வைக்கோல் உருளையில் சுற்றும், பெல்ட்டுக்கு அதிகப் பாரம் வரும், அறுந்து போகும். பனி காய்ந்து ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கினால் போதும்.

அரசு மிஷினும் காப்பீடும்

வேளாண்மைப் பொறியியல் துறை அறுவடை இயந்திரங்களை அரசு நிர்ணயித்த வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலி மூலமும் பதிவு செய்யலாம்; செயலி வசதி இல்லாதவர்கள் துறையின் அலுவலகத்தில் நேரில் கேட்கலாம். ஆனால் மிஷின் நின்ற அன்று மதியம் கேட்டால் கிடைக்காது. எல்லா வட்டத்திலும் ஒரே நேரத்தில் அறுவடை நடக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே பெயரைப் பதிவு செய்து வைத்தால் தனியார் மிஷின் கைவிட்டாலும் ஒரு பிடி இருக்கும்.

பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பலருக்கும் குழப்பம். மிஷின் பழுதாகித் தாமதமானதற்குக் காப்பீடு கிடையாது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு என்று ஒரு பிரிவு உண்டு. அறுத்து வயலிலேயே காயப் பரப்பிய பயிர், அறுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள், புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை, ஆலங்கட்டி மழை ஆகியவற்றால் கெட்டால் அதற்கு வாய்ப்பு உண்டு. மிஷினில் அடித்துச் சாக்கில் வைத்த நெல் இதில் வராது. இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, காப்பீடு செய்த வங்கி, கூட்டுறவுச் சங்கத்திலோ, வேளாண் அலுவலகத்திலோ சொல்லலாம். இந்தப் பிரிவு நம் மாவட்ட அறிவிக்கையில் அந்தப் பருவத்துக்கு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வயலில் கெட்ட பயிரைப் படம் எடுத்து வையுங்கள்.

தோவாளை வாசகருக்கு: போன பருவத்து நட்டத்தைத் திருப்பிக் கொண்டுவர வழி இல்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பெல்ட் அறுந்தது பதினொன்றரைக்கு. மழை வந்தது ராத்திரி. நடுவில் இருந்த அரை நாள் வெயிலில் அந்த முதல் பாதி நெல்லைப் பரப்பியிருந்தால், அது பேசிய விலைக்கே போயிருக்க வாய்ப்பு அதிகம். மழைக்குச் சாய்ந்தது மீதிப் பாதியில் ஒரு பகுதிதான். உங்கள் நட்டத்தில் பெரும்பங்கு திண்ணையில் நடந்தது, வயலில் அல்ல. இந்த முறை சாக்கைக் கட்டாதீர்கள்.

மற்ற கேள்விகள்

அகஸ்தீஸ்வரம் வட்ட வாசகர் ஒருவர்: மோட்டார் போட்டால் 'உம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. ஸ்டார்ட்டர் பொத்தானைக் குச்சி வைத்து அழுத்திக் கட்டினால் ஓடுமா?

கட்டவே கட்டாதீர்கள். உறுமல், பெரும்பாலும் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் மற்ற இரண்டு கம்பிச்சுருளும் சூடேறி எரியும். ஸ்டார்ட்டர் தானாக விழுவது மோட்டாரைக் காப்பதற்குத்தான். உடனே அணைத்துவிட்டு, மூன்று விளக்கும் ஒரே வெளிச்சத்தில் எரிகிறதா பாருங்கள். ஒன்று மங்கலாகவோ அணைந்தோ இருந்தால் பியூஸிலோ லைனிலோ கோளாறு, மின்வாரியத்தில் சொல்லுங்கள். மூன்றும் சரியாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டு, தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் பேரிங்கோ பம்புக்குள் குப்பையோ காரணம். ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடாதீர்கள்.

கல்குளம் வட்ட வாசகர் ஒருவர்: பவர் டில்லர் வாய்க்காலில் கவிழ்ந்து முழுக்க முங்கிவிட்டது. கரையேற்றியதும் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால், தண்ணீர் அழுந்தாததால் உள்ளே தண்டு வளைந்துவிடும். முதலில் என்ஜின் எண்ணெயை வடியுங்கள். பாலைப் போல வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டீசல் தொட்டியையும் பில்டரையும் காலி செய்யுங்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்துங்கள். மெக்கானிக்கைக் கொண்டு டீசல் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகு, புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். அன்றைக்கே செய்ய வேண்டும். நாலு நாள் போட்டுவைத்தால் துரு பிடித்துச் செலவு பல மடங்காகும்.

விளவங்கோடு வட்ட வாசகி ஒருவர்: வாழைக்கு மருந்து அடிக்கும்போது தெளிப்பான் நாசில் அடிக்கடி அடைக்கிறது. வீட்டுக்காரர் வாயால் ஊதி எடுக்கிறார். மருந்து உடம்புக்குள் போகுமா?

போகும் அம்மா. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினாலும் துளை பெரிதாகி, மருந்து தேவைக்கு மேல் கொட்டும். நாசிலைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். அந்த பிரஷ்ஷைத் தெளிப்பானோடே கட்டி வையுங்கள், வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். கையுறை போட்டுக்கொள்ளட்டும். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினால் அடைப்பே குறையும். பாதியில் தெளிப்பான் கெட்டுப்போனால் மீதிக் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டக் கூடாது. அக்கம்பக்கத்தில் தெளிப்பான் கேட்டு வாங்கி, அன்றைக்கே அதே பயிருக்கு அடித்து முடிக்கச் சொல்லுங்கள்.

வேறு சந்தேகங்களுக்கு 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இந்தப் பகுதிக்கும் எழுதலாம். எழுதும்போது ரகம், நட்ட தேதி, வயல் தலைமடையா கடைமடையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சரியாகச் சொல்ல அது உதவும்.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது சில பத்துகளில் அறுப்பு தொடங்கியிருக்கும். அதற்குள் ஒரு சாயங்காலம் உங்கள் மடைக்காரர்கள் எல்லாரும் கூடி, யார் வயல் எந்த நாளில் என்று ஒரு தாளில் எழுதி, மிஷினுக்குப் பேசி முடித்துவிடுங்கள். தார்ப்பாயில் ஓட்டை இருந்தால் இப்போதே ஒட்டுப் போட்டுவிடுங்கள்.